கஷ்டம் வந்தால் விசுவாசம் விழிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துச் சபைகளில் வீடு சந்திக்கப் போகும்போதும் செபக்கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரும் வாசிக்கலாம். இப்போதுதான் அடி விழுந்த வீட்டில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால் "எனக்குச் செபமே வரவில்லை" என்ற கேள்விக்கு நேரே போங்கள். மற்றவை பிறகு ஆகட்டும்.

ஆவிக்குரிய மெத்தனம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவருக்கும் அது வருமா?

வரும். ஒழுங்காகப் போகிறவரிடம் அது வெளியே தெரியாமல் இருக்கும் என்பதே ஆபத்து. மெத்தனம் உள்ளவர் கடவுளை மறுப்பதில்லை. அவர் இல்லாமலும் காரியம் நடக்கிறது என்று பழகிப்போகிறார். உபாகமம் 8ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருந்து, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கடவுளை மறந்துவிடாதே என்பதே அங்குள்ள எச்சரிக்கை. பசியில் மறப்பாய் என்று அங்கே சொல்லப்படவில்லை.

வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரத்து லவோதிக்கேயா சபை "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொன்ன சபை. அந்த நகரம் கி.பி. 60 அளவில் நிலநடுக்கத்தில் இடிந்தது. உரோம அரசின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே அதைத் திரும்பக் கட்டினார்கள். ஊருக்கு இருந்த அந்தத் தற்பெருமை சபைக்குள்ளும் ஊறியிருந்தது என்றே படுகிறது. நிலநடுக்கம்கூட அவர்களை எழுப்பவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

நம் ஊரில் இது எப்படித் தெரியும்? வெளிநாட்டுக் காசில் மேல்மாடி எழும்புகிறது, திருவிழாச் சோடனையில் குறைவில்லை, ஆனால் வேலிப் பிரச்சினையில் தமையனோடு பல வருடமாகக் கதை இல்லை. சம்பந்தம் பேசும்போது விசுவாசத்தை விசாரிக்க முதல் சாதியை விசாரிக்கிறார்கள். நற்கருணைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதில்லை. இவை நம் சபைகளில் இன்னும் இருக்கின்றன. மூடிவைத்துப் பயனில்லை.

உங்களை நீங்களே பார்க்க மூன்று கேள்விகள் போதும். நேற்று செபத்தில் எதைக் கேட்டேன் என்று இன்று நினைவிருக்கிறதா? காசாலும் செல்வாக்காலும் ஆகாத ஒன்றைக் கடைசியாக எப்போது கடவுளிடம் கேட்டேன்? வேதவசனத்துக்காக ஒரு முடிவை மாற்றிக்கொண்டது எப்போது? மூன்றுக்கும் பதில் வரவில்லை என்றால் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம்.

கஷ்டம் அந்த மெத்தனத்தை எப்படி அசைக்கிறது?

தாங்கி நின்றவை விலகும்போது முதல் அசைவு தெரிகிறது. சம்பளம், உடம்பில் பெலன், பிள்ளையின் பெறுபேறு, ஊரில் இருந்த பேர், இவற்றைத்தான் நம்பியிருந்தோம் என்பது அவை போகும்போதுதான் விளங்குகிறது. ஆசியாவில் தனக்கு வந்த உபத்திரவத்தைப் பற்றிப் பவுல் 2 கொரிந்தியர் 1:8-9இல் இதையே சொல்கிறார். உயிர் தப்புவோம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று. தங்களை நம்பாமல், மரித்தோரை எழுப்புகிற கடவுளை நம்பும்படி அது நடந்தது என்கிறார்.

அடுத்து, செபத்தின் பேச்சு மாறுகிறது. "எல்லோரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னவர், "வெள்ளிக்கிழமை ஸ்கான் ரிப்போட் வருகிறது, எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லத் தொடங்குகிறார். செபம் என்றால் என்ன என்பதைப் பலர் அந்த ஒரு வரியில்தான் முதன்முதலாகக் கற்கிறார்கள். கூடவே மற்றவரின் துன்பமும் கண்ணில் படுகிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில் வாங்கில் காத்திருந்தவருக்கு, பக்கத்து வாங்கில் இருப்பவர் இனி யாரோ ஒருவரல்ல.

ஆனால் கஷ்டம் தன்னளவில் ஒருவரையும் பரிசுத்தராக்குவதில்லை. விதைக்கிறவன் உவமையில் கற்பாறை நிலத்து விதை உபத்திரவம் வந்ததும் பட்டுப்போகிறது (மத்தேயு 13:20-21). வெளிப்படுத்தல் 16இல் வாதைப்பட்ட மக்கள் மனந்திரும்பாமல் கடவுளைத் தூஷிக்கிறார்கள். லவோதிக்கேயா இடிந்து எழும்பியும் உறங்கியது. கஷ்டத்துக்குள் ஒருவர் கடவுளிடம் என்ன சொல்கிறார், யார் பக்கத்தில் இருக்கிறார்கள், எந்தச் சிறு கடமையை விடாமல் செய்கிறார் என்பவற்றில்தான் விழிப்பா கசப்பா என்பது முடிவாகிறது.

அப்படியென்றால் என்னை எழுப்பத்தான் கடவுள் இந்தக் கஷ்டத்தைத் தந்தாரா?

இப்படி ஒரு கணக்கை எழுத வேதம் நமக்கு அனுமதி தரவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரு பக்கத்தையும் மறுத்தார் (யோவான் 9:1-3). சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றார் (லூக்கா 13:4-5). எபிரெயர் 12 கடவுளின் சிட்சையைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் அது விசுவாசத்துக்காக நெருக்கப்பட்ட சபைக்கு ஆறுதலாக எழுதப்பட்டது. அயல் வீட்டுத் துன்பத்துக்கு விளக்கம் சொல்ல அதை எடுக்கக் கூடாது.

கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். குடியாலோ பொய்யாலோ வந்ததென்றால் மனந்திரும்புதலே மருந்து. நோய் என்றால் வைத்தியமும் பொறுமையும். பிறர் செய்த அநியாயம் என்றால் நீதி கேட்பதும் விசுவாசத்தின் ஒரு பகுதி. விசுவாசத்துக்காகவே வந்த நெருக்கடி என்றால் 1 பேதுரு முழுவதும் உங்களுக்கானது. எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கொடுப்பவர் கடைசியில் அநியாயம் செய்தவனைத் தப்பவிடுகிறார்.

"நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று சங்கீதம் 119:71 சொல்கிறது. அது பட்டவர் தன்னைப் பற்றிச் சொன்னது. பக்கத்தில் நின்றவர் அவருக்குச் சொன்னதல்ல. துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் "இது உங்களுக்கு நல்லதுக்குத்தான்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள்.

யாழ்ப்பாணச் சபை வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. ஒரே காலத்தில் அருகருகே நடந்த இரண்டு காரியங்கள் அவை.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின. குருவானவருக்கு இடம் கொடுத்தவருக்குக் கடும் தண்டனை. கோவாவில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய 29 வருடம், ஒரு தலைமுறை, பூசை இல்லாமல் கழிந்தது. ஆனாலும் அவர் வந்தபோது விசுவாசிகள் இருந்தார்கள். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு அவர்களைக் கண்டுபிடித்தார். சில்லாலையில் தங்கி, இரவில் வீடுகளில் இரகசியமாகப் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் போற்றுகிற நாம், அவர் வருமுன் அந்த விசுவாசத்தைக் காத்த பேர் தெரியாத தாய்மாரையும் மூப்பர்மாரையும் அதிகம் நினைப்பதில்லை. வீட்டில் சொல்லிக்கொடுத்த மந்திரங்களும் மாலைச் செபமும்தான் ஒரு தலைமுறையைத் தாங்கியிருக்கின்றன.

அதே ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் புரொட்டஸ்தாந்து ஞானஸ்நானம் வேண்டும். பதிவேடுகளில் பேர்கள் நிறைந்தன. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அந்தக் கூட்டம் மளமளவென்று கரைந்தது. சலுகையால் வந்த விசுவாசம் சலுகையோடு போயிற்று. உத்தியோகத்துக்காக எழுதிய பேருக்குப் பின்னால் வீட்டில் செபம் இருக்கவில்லை என்பதே எங்கள் முடிவு.

அப்படியானால் போர் எங்கள் சபைகளை ஆழப்படுத்தியது என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல வேண்டாம். 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவுகளில் கடவுளை இறுகப் பிடித்தவர்களும் உண்டு, அன்றோடு கோயிலை விட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். முதலாமவரின் சாட்சியை எடுத்து இரண்டாமவருக்குப் பிரசங்கம் பண்ணுவது கொடுமை. விட்டவர் திரும்ப வரவேண்டுமென்றால், அவர் கோபத்தை முழுதாகக் கேட்க ஒருவர் வேண்டும்.

எனக்குச் செபமே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் சாப்பிடுங்கள், படுங்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா சாக வேண்டுமென்று கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், திரும்பப் படுக்கவிட்டான், இரண்டாந்தரமும் சாப்பிடச் சொன்னான். கடவுள் கேள்வி கேட்டது அதற்கு வெகு நாள் பிறகு.

பிறகு சங்கீதம் 13. ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனம் முறைப்பாடு, அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை. இதே அமைப்பில் உங்கள் செபத்தை எழுதலாம்:

1. கடவுளை நேராகக் கூப்பிடுங்கள். ஒரு வரி போதும்.
2. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "வேதனை" என்று பொதுவாக வேண்டாம். "லீசிங்காரர் ஓட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள்" என்று எழுதுங்கள். கோபம் கடவுள்மேல் என்றால் அதையும் எழுதுங்கள்.
3. இன்றைக்கு வேண்டியது எது என்று கேளுங்கள். அடுத்த வருடத்துக்கு அல்ல.
4. நம்பிக்கை வரி வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் வெறுமையாக விடுங்கள்.

நாலாவதைக் கட்டாயப்படுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. காலையில் 10 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள், நீட்டவேண்டாம். 13, 42, 77, 88, 130 ஆகிய ஐந்து சங்கீதங்களை நாளுக்கு ஒன்றாகச் சுற்றி வாசித்தால் ஒரு மாதத்துக்குப் போதும். வாசிக்கவும் ஏலாவிட்டால் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செபமாலை சொல்லிப் பழகியவர் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாலே போதும்.

முதல் மாதத்தில் செய்யக் கூடாதது எது?

பெரிய முடிவுகள். காணி விற்பது, ஏஜென்ற்றுக்குக் காசு கட்டி வெளிநாடு போவது, சபை மாறுவது, சம்பந்தத்தை முறிப்பது, எல்லாம் தள்ளி வைக்கக் கூடியவை. தள்ள முடியாதென்றால் இரண்டு பேரிடம் கேட்ட பிறகு செய்யுங்கள், அதில் ஒருவர் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

நேர்த்தியும் அப்படித்தான். பயத்தில் வைக்கும் நேர்த்தி வழமையாக அளவுக்கு மிஞ்சியதாக இருக்கும். மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவேன் என்று நீரிழிவுக்காரர் நேருவதும், கடன் வாங்கி அன்னதானம் கொடுப்பதும் பிறகு மனச்சாட்சிக்கு இன்னொரு சுமை. பிரசங்கி 5:4-5 நேர்ந்துகொண்டால் செலுத்து, செலுத்த முடியாததை நேராதே என்கிறது. ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள், செலுத்த ஏலாது என்றால் பங்குத்தந்தையிடம் போய்க் கதையுங்கள். அதை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு.

கடனில் மூழ்கியிருக்கிறேன். வெட்கத்தில் கோயிலுக்கே போவதில்லை.

கடனைவிட வெட்கம்தான் ஆளைக் கோயிலில் இருந்து விலக்குகிறது. ஆகவே முதல் வேலை, ஒருவரிடம் சொல்வது. கணவனோ மனைவியோ அறியாத கடன் இருந்தால் அவரிடம் முதலில்.

அன்றைக்கே ஒரு கொப்பித் தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: யாருக்கு, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், எதை ஈடு வைத்திருக்கிறது. நகை அடகு, நுண்கடன், சீட்டு, கைமாற்று எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுப்பதை அந்த நாளோடு நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகள் மூழ்குவது அதில்தான். வங்கிக் கடன் என்றால் தவணை தவறுவதற்கு முதலே எழுத்தில் தவணை மாற்றம் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் பேச இடம் குறைவு. காணி உறுதியை மட்டும் மீற்றர் வட்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

நெகேமியா 5ஐச் சபையில் வாசிக்க வேண்டும். சகோதரனிடம் வட்டி வாங்கிய பெரியவர்களை நெகேமியா சபை கூட்டி முகத்துக்கு நேரே கண்டித்தார். முன்வரிசையில் இருந்துகொண்டு மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவர் இருந்தால், மெத்தனத்தைப் பற்றிய பிரசங்கம் அவரிடமிருந்து தொடங்கட்டும்.

மகன் காணாமல் போனவன். செய்தியே இல்லை. "ஏற்றுக்கொள்" என்கிறார்கள்.

ஏற்றுக்கொள்வதற்கு உங்களிடம் உண்மையைத் தர வேண்டியவர்கள் இன்னும் தரவில்லை. ஆகவே உங்கள் காத்திருப்பை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2 சாமுவேல் 21:10இல் ரிஸ்பாள் என்ற தாய் அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும் மட்டும் பாறையில் இரட்டுத் துணியை விரித்து, தன் பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாமல் காத்தாள். அரசன் அசைந்தது அதைக் கேட்டுத்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கெங்கும் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் இருந்த தாய்மாரை நினையாமல் அந்தப் பகுதியை இங்கே வாசிக்க முடியாது.

சபை செய்யக் கூடியது: ஞாயிறு மன்றாட்டில் பிள்ளையின் பேரைச் சொல்லிச் செபிப்பது. பிறந்தநாளை நினைவில் வைத்து வீட்டுக்குப் போவது. இறந்தவர் பூசையில் பேரைச் சேர்க்கும்படி ஒருநாளும் நெருக்காதிருப்பது. சேர்க்க வேண்டுமென்று தாயே கேட்டால் மறுக்காமலும் இருப்பது.

கணவன் அடிக்கிறார். "உன் சிலுவையைச் சுமந்துகொள்" என்று அறிவுரை சொன்னார்கள்.

அது தவறான அறிவுரை. இயேசு சொன்ன சிலுவை அவரைப் பின்பற்றுவதால் வருவது. அடி வாங்குவது அதில் சேராது. அடிக்கிறவனுடைய பாவத்துக்கு வேத வசனத்தால் போர்வை போடக் கூடாது.

1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 12 மாதம் வரை அது கிடைக்கும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து, மாற்றுடுப்பு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் முன்கூட்டியே வைத்திருங்கள். காயம் இருந்தால் அரச வைத்தியசாலையில் காட்டி, எப்படி வந்ததென்று உள்ளபடி சொல்லுங்கள், அது பதிவாகும். இருவரையும் ஒன்றாக இருத்திச் சமரசம் பேசுவது போதகர்கள் வழக்கமாகச் செய்வது. வன்முறை உள்ள வீட்டில் அது ஆபத்து, ஏனென்றால் அவள் சொன்னதற்கு வீட்டுக்குப் போன பிறகு பழிவாங்கப்படுவாள். தனித்தனியாகவே சந்திக்க வேண்டும்.

இது ஆவிக்குரிய வறட்சியா, மனச்சோர்வு நோயா? எப்படித் தெரியும்?

இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் நித்திரை இல்லை அல்லது நித்திரையே வேலை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு விரும்பிய எதிலும் மனம் போகவில்லை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் விடவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். வறட்சியில் செபம் மட்டும் கசக்கும். நோயில் பாட்டு, பிள்ளை, சாப்பாடு எல்லாமே கசக்கும். கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. சந்தேகம் என்றால் வைத்தியர்தான் முதலில். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 1926க்கு உடனே அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். அப்படிச் சொல்பவரைத் தனியே விடாதீர்கள், வளவில் இருக்கும் பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள்.

மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்யத் தொடங்கச் சில கிழமை செல்லும். "சுகம் வரவில்லை" என்று பத்தாம் நாளில் விடுவதும், சுகம் வந்தவுடன் "கர்த்தர் சுகப்படுத்திவிட்டார்" என்று தாமாக நிறுத்துவதும் திரும்ப விழுவதற்கு வழி. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவல்ல.

"விசுவாசம் இருந்தால் கஷ்டம் வராது" என்று கூட்டங்களில் சொல்கிறார்களே?

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் கேட்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றே பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). பவுலுக்கு விசுவாசம் காணாது என்று சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது? இந்தப் போதனை நோயாளியின்மேல் நோயோடு குற்றவுணர்வையும் ஏற்றுகிறது. அதோடு காணிக்கை கேட்டு, மருந்தை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து எழும்பி வாருங்கள்.

கஷ்டப்படும் வீட்டுக்குப் போனால் என்ன கதைப்பது?

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட இருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை சரியாகத்தான் செய்தார்கள்.

செத்த வீட்டுக்கு முதல் கிழமை ஊரே போகும். 31ஆம் நாள் முடிந்ததும் வாசல் வெறிச்சோடும். உங்கள் சந்திப்பை இரண்டாம், மூன்றாம் மாதத்துக்கு வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். "ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கோ" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்", "பின்னேரம் பிள்ளையை ரியூசனில் இருந்து ஏற்றி வருகிறேன்" என்று நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். இறந்தவரின் பேரைச் சொல்லிக் கதையுங்கள். உங்கள் வீட்டுச் சாவுக் கதையைத் தொடங்காதீர்கள். வசனம் சொல்ல வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் விளக்கம் இல்லாமல்.

எனக்கு இப்போது பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், தேடிக்கொள்ளவும் வேண்டாம். உபவாசமும் கொடுத்தலும் சந்திப்பும் இதற்காகவே சபைக்குத் தரப்பட்டவை. கத்தோலிக்க ஒழுங்கின்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு நோன்பு: ஒரு முழுச் சாப்பாடு, வேறு இரண்டு சிறு சாப்பாடு, அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக் கூடாது. மற்றச் சபையாரும் கிழமைக்கு ஒரு நேரச் சாப்பாட்டை விடுவதில் தொடங்கலாம். மிச்சமான காசை அன்றைக்கே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் உணவுக் கட்டுப்பாடு. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் சாப்பாட்டை விட வேண்டாம், கைத்தொலைபேசியை விடட்டும்.

இன்னொன்று இதைவிடக் கடினம்: கதைக்காத சகோதரனிடம் போவது. ஒரு தவக்காலம் முழுவதும் இறைச்சி விடுவதைவிட அந்த ஒரு நடை மெத்தனத்தை அதிகம் கலைக்கும்.

பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியவேண்டும் என்று நாங்களே கஷ்டப்படுத்தலாமா?

கூடாது. "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதாலும் ஒன்றும் வராது. வயோதிபரைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், குடும்பச் செபத்தில் உண்மையான தேவையை அவர்கள் காதில் விழச் சொல்லுங்கள்.

நிலைமை சரியானதும் பழையபடி ஆகிவிடுகிறோம். எப்படித் தடுப்பது?

2022இல் பெற்றோல் கியூவில் நின்றும் காஸ் சிலிண்டருக்கு அலைந்தும் பக்கத்து வீட்டோடு பகிர்ந்து சமைத்த வீடுகள் பல. கியூ முடிந்தது, மதிலும் திரும்ப எழும்பியது. லூக்கா 17இல் சுகமான பத்துப் பேரில் திரும்பி வந்தவன் ஒருவன். இது மனித இயல்பு, ஆகவே மன உறுதியை நம்பாமல் ஒழுங்கை நம்புங்கள்.

கஷ்டத்தின் நடுவில் இருக்கும்போதே, எதைக் கண்டுகொண்டேன் என்பதை ஒரு பக்கத்தில் திகதி போட்டு எழுதி வேதப் புத்தகத்துக்குள் வையுங்கள். சுகம் வந்த பிறகு எழுதினால் அது சாட்சிப் பிரசங்கமாகிவிடும், உண்மை குறைந்துவிடும். அந்த நாட்களில் பிடித்த பழக்கங்களில் ஒன்றை மட்டும் தெரிந்து நிலையாக்குங்கள்: காலையில் ஒரு சங்கீதம், அல்லது கிழமைக்கு ஒரு வீடு, அல்லது இரவில் 10 நிமிட ஆத்தும சோதனை. ஐந்தைத் தொடங்குகிறவர் மூன்றாம் மாதத்தில் ஐந்தையும் விடுகிறார். ஒருவரிடம் சொல்லி, மாதம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் விழலாம். கஷ்டத்தில் விழித்தவர் சிலர் எல்லாச் செபக்கூட்டத்துக்கும் ஓடி, எல்லாக் குழுவிலும் சேர்ந்து, ஒரு வருடத்தில் ஓய்ந்துபோகிறார்கள். நம் கிணற்றில் மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீருக்குள் உவர் ஏறுவதைப் போல, அவர்கள் சேவையிலும் கசப்பு ஏறிவிடும். முதல் வருடம் ஒரு பொறுப்புக்கு மேல் கொடுக்காதபடி பங்குத்தந்தையும் போதகரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சபையாக என்ன தொடங்கலாம்?

ஓர் ஆபத்துதவி நிதி. மூன்று பேர் பொறுப்பு, அதில் ஒருவராவது பெண், ஒருவராவது உத்தியோகம் இல்லாத வீட்டில் இருந்து. காசு எடுக்க இரண்டு கையெழுத்து. வட்டி இல்லை, திரும்பக் கட்டும் கட்டாயமும் இல்லை. முடிந்தவரை மருந்துக் கடைக்கோ பாடசாலைக்கோ நேரே கட்டுங்கள். படம் எடுக்க வேண்டாம், முகநூலில் போட வேண்டாம், பேரை அறிவிக்க வேண்டாம். கணக்கை மட்டும் வருடக் கூட்டத்தில் தொகையாக வாசியுங்கள். உதவி பெற்றவர் பிறகு நிதிக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவர்களைப் போலவே மூடிய உறையில் போடட்டும்.